ஒரு எபிசோடு முழுக்க ஒரு படகு

ஒரு ராணி, ஒரு பையன், ஒரு படகு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். படகு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கரைக்கும் வராது, கவிழவும் செய்யாது. நானும் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, இதோ ஏதாவது நடக்கும், இப்போது நடந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் படகு பனிமூட்டத்துக்குள் போனதும் எழுத்துப் போட்டுவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைத் தூக்கி எறிந்தேன். நல்லவேளை, மெத்தை மேல் விழுந்தது.

"இவனுக்கெல்லாம் தின்ன சோறு செரிக்குமா? வாரம் பூரா காத்துக் கெடந்தா படகுல உக்கார வெச்சு அனுப்பறானே, எடுபட்டவன்!" என்று கத்தினேன். கணக்குப்பிள்ளை மாதிரி எதையும் நிதானமாகச் சொல்கிற என் வீட்டுக்காரர், "புடிக்காட்டி உட்டுட்டுப் போயேன் புள்ள" என்றார்.

விட முடியாது. அது அவருக்குப் புரியாது.

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னால் குடியிருப்பு, பின்னால் தகரக் கொட்டகையில் விசைத்தறிகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நிற்கிற இடம் அந்தத் தறிகளுக்கு நடுவில்தான். அவர் நூல் வாங்கவும் துணி போடவும் ராசிபுரம், சேலம் என்று வெளியே அலைகிறவர். எங்களுக்கு ஒரே மகள். படித்து முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "மழையா?" "இல்ல." அதோடு முடிந்துவிடும். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் பேச ஒன்றுமே இல்லாமல் போனதே என்று அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

அப்புறம்தான் அவள் ஒரு டிவி வாங்கி மாட்டிவிட்டு, இந்த வெளிநாட்டு மாயாஜாலத் தொடரையும் காட்டிவிட்டுப் போனாள். தமிழில் பேசுகிற மாதிரி மாற்றிப் போட்டிருந்தார்கள். வாரம் ஒரு எபிசோடு. அவள் அங்கே பார்ப்பாள், நான் இங்கே பார்ப்பேன், ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு பேரும் பிய்த்து எடுப்போம். எந்த ராஜா கெட்டவன், யார் யாருக்குப் பிறந்தவன், மலைக்கடியில் தூங்கும் சிறகு முளைத்த பாம்பு எப்போது எழுந்திருக்கும் என்று மணிக்கணக்கில் பேச்சு. அடுப்பில் குழம்பு தீய்ந்து போகும். போகட்டும் என்று விட்டுவிடுவேன். மகள் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையை இழக்க நான் தயாராக இல்லை. அதற்காகத்தான் அந்தத் தொடரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆரம்பத்தில் என்ன வேகம் தெரியுமா? ஒரே எபிசோடில் கோட்டையைப் பிடிப்பார்கள், அண்ணன் தம்பிக்கு விஷம் வைப்பான், கல்யாணப் பந்தலில் காட்டிக்கொடுப்பார்கள். ஆளுக்கு ஆள் பேசுகிற பேச்சில் பொறி பறக்கும். ஒன்றிரண்டு வருஷத்தில் அந்த வேகமெல்லாம் எங்கே போனதோ! அறைக்குள் உட்காருகிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் முறைக்கிறார்கள், வாயை மென்று மென்று எழுந்து போகிறார்கள். அந்த ராணி படை திரட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினாளே, அவள் நடந்த நடைக்கு இங்கிருந்து கொல்லிமலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். பாம்பு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல்தான் பொறாமை.

மகளிடம் சொன்னால், "மெதுவாத்தாம்மா போவுது. நெட்லகூட எல்லாரும் இழுக்கறாங்கன்னுதான் திட்டறாங்க" என்பாள். பார்த்தாயா, ஊரே சொல்கிறது என்று எனக்குப் பெருமை தாங்காது. "ஆனா பேச்சு நல்லாருக்குதில்லம்மா?" என்பாள் கூடவே. "என்ன பேச்சு? ஒரு மண்ணுமில்ல" என்பேன். அவளும் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண போனில் பேசுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன். "மூஞ்சியப் பாக்காம என்னடி பேச்சு, வீடியோல வா" என்பேன். அவள் பேசிக்கொண்டே திரும்பி அலமாரியில் எதையாவது தேடினால், "லைன் சரியில்ல, ஒண்ணும் கேக்கல, இக்கட்டால, என் பக்கமாத் திரும்பு" என்று திட்டுவேன். பாவம், அவள் உடனே திரும்புவாள். முகம் தெரிந்ததும் லைன் சரியாகிவிடும். கோயம்புத்தூரில் சிக்னல் அவ்வளவு மோசம் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

படகு எபிசோடு வந்த ஞாயிறு, போனில் அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, பாத்தியா? நான் அழுதுட்டேம்மா."

"எதுக்கு? படகு ஓட்டுனவனுக்குக் கை வலிக்குமேன்னா?"

"வெளையாடாதம்மா. அந்தப் பேச்ச நெனச்சா இன்னும் எனக்கு..."

"என்னத்தப் பேசுனாங்க? ரெண்டும் மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சுங்க. அதுக்குப் போயி அழுவுறாளாமா! கருமம்."

அவள் முகம் சுண்டிப் போனது. "உனக்கு மனசே இல்லையாம்மா?" என்றாள். அதற்குப் பிறகு சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படகைச் சபித்தேன். இத்தனை நாள் இழுத்துப் பிடித்திருந்ததை ஒரு படகு கொண்டுபோய்விட்டதே!

கோபம் தணிந்தோ தணியாமலோ அடுத்த மாதம் லீவு போட்டு வந்தாள். வந்த மறுநாள் மின்சாரத்தை நிறுத்துகிற நாள். மாதத்துக்கு ஒரு முறை கம்பி பார்க்கிறோம் என்று பகல் முழுக்க நிறுத்துவார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு மட்டும்தான் தறிச் சத்தம் இருக்காது. மற்ற நாளில் நம் வீட்டில் நிறுத்தினாலும் பக்கத்து வீட்டில் ஓடும். தூங்குகிற குழந்தைகூடத் தறி நின்றால்தான் விழித்து அழும்.

"வாம்மா, அந்தப் படகை இன்னொருக்காப் பாக்கலாம். நீ அன்னைக்குக் கடலை உரிச்சுக்கிட்டே பாத்திருப்பே" என்றாள். சமாதானத்துக்கு வருகிறாள் என்று எனக்கு ஒரே குளிர்ச்சி. அவளுடைய செல்போனைத் தண்ணிக் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

படகு போயிற்று. ராணி பையனைப் பார்த்தாள். பையன் தண்ணீரைப் பார்த்தான். நான் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தேன்.

"நீயே சொல்லு சாமி," என்றேன் மகளிடம். "இன்னும் ஒரு வார்த்தை பேசல பாரு."

அவள் சிரித்தாள். சிரித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அம்மா, இப்ப அவ என்ன சொன்னா?"

"எவ?"

"ராணி."

"அவ எங்க சொன்னா? வாய மென்னுக்கிட்டு உக்காந்திருக்கறா."

மகள் கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். கோடு முழுக்கப் போய் நின்றது. எனக்கு எங்கேயோ உலை கொதிப்பது மாதிரி ஒரு முணுமுணுப்பு வந்தது. இவ்வளவு காலமும் அதைப் பின்னால் போடுகிற மியூசிக் என்று நினைத்திருந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏனம்மிணி, தெருமுக்கு வரைக்கும் கேக்குது. கொறைச்சு வை."

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. "எங்கீங்க சத்தம்?" என்று அவரைத்தான் கேட்டேன். அவர் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தார். முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. நான் திரும்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எப்போது எழுந்தாளோ, எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது.

"கூப்பிட்டியா?" என்றேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எத்தனை தடவை?"

அவள் குனிந்து செல்போனில் ஓடிய படத்தை நிறுத்தினாள்.

தறிப் பட்டறையில் யாரும் காதால் பேசுவதில்லை. தறியில் நாடா குறுக்கே பாய்ந்து அடிக்கிற அடியில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். விரலை மடக்கிக் காட்டினால் இழை அறுந்தது, வயிற்றைத் தொட்டால் சாப்பாட்டுக்குப் போகிறேன். கல்யாணமான புதிதில் கற்றுக்கொண்டது, அப்புறம் வீட்டிலும் சந்தையிலும் அதே கண்ணோடுதான் நடமாடினேன். காது கொஞ்சம் கொஞ்சமாக வேலையை விட்டுப் போக, கண் அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. நம்ம ஊர் சீரியல்கள் எல்லாம் விளங்கின. இந்தத் தொடரில் மட்டும் வாய் வெளிநாட்டுப் பேச்சுக்கு அசைந்தது, தமிழ் சத்தத்தில் மட்டும்தான் இருந்தது. கீழே ஓடிய எழுத்தும் இங்கிலீஷ். அவர்கள் பேசித் தீர்த்தார்கள். எனக்கு அது வாயை மெல்வதாகத் தெரிந்தது.

அந்தப் படகில் ராணி பையனிடம் என்ன சொன்னாள் என்று அப்புறம் மகளிடம் கேட்டேன். நீ என் வயிற்றில் பிறந்தவன் என்று சொன்னாளாம். அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்ததாம்.

சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த பெட்டி மாதிரி ஓர் அறையில் என்னைத் தனியாக உட்கார வைத்து, காதில் ஒரு கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் ஏதோ லேசாகக் கேட்ட மாதிரி இருந்தது, அழுத்தினேன். அப்புறம் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் என் மகள் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போனது. இங்கேயும் இழுவையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கையை ஆட்டிக் கேட்டேன். அந்தப் பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சிருச்சுங்கம்மா" என்றாள்.

நரம்பு போய்விட்டது, போனது போனதுதான், திரும்ப வராது என்றார் டாக்டர். மிஷின் மாட்டினால் சத்தம் பெரிதாகும், ஆனால் பேச்சு தெளியாது என்றார். மாட்டியும் பார்த்தோம். "அம்மா" என்று மகள் கூப்பிட்டது தகரத்தில் ஆணி கீறின மாதிரி வந்தது. அது அவள் குரலே இல்லை. கழற்றிக் கொடுத்துவிட்டேன். தறியை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். விட்டு என்ன செய்ய? இருந்ததெல்லாம் போன பிறகு யாருக்காக விட?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். தாடை அசைந்தது தெரிந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் குரலைக் கடைசியாகச் சரியாகக் கேட்ட நாள் எது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பிடிபடவில்லை. சண்டை போட்ட நாளா, சிரித்த நாளா, சும்மா "தண்ணி குடும்மா" என்ற நாளா? தெரிந்திருந்தால் கொஞ்சம் காதைத் தீட்டிக் கேட்டு வைத்திருப்பேனே. அந்தத் தொடரை இழுவை என்று திட்டினேன். என் காது போனதுதான் இழுவை. இழுத்து இழுத்து, கண்ணுக்குத் தெரியாமல், என் கூடவே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே போயிருக்கிறது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் ஒவ்வொரு சொல்லாக வாயை விரித்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்படிப் பேசினால் என்ன பேச முடியும்? சாப்பிட்டாயா, மழையா. அங்கேயே வந்து நின்றுவிட்டோம்.

தொடர் முடிகிற வாரம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். டிவிக்குப் பக்கத்தில், எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். "நான் கேட்டுக் கேட்டுச் சொல்றேன். நீ என் வாயப் பாரு" என்றாள். தறிப் பட்டறையில் வளர்ந்த பிள்ளை, அவளுக்கும் அந்தப் பேச்சு தெரியும். சத்தமே போடாமல் உதட்டால் சொல்ல ஆரம்பித்தாள். ராஜா பேசினால் ராஜா மாதிரி புருவத்தை நெரித்தாள், கிழவன் பேசினால் கன்னத்தைக் குழிய வைத்தாள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் விளங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கதை மளமளவென்று ஓடியது. அந்தப் பாம்பும் கடைசியில் மலையைப் பிளந்துகொண்டு எழுந்தது. ஓரக்கண்ணில் நெருப்புத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு போய்விடும். என் பிள்ளை வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிகிற இடத்தில் ராணி அடிபட்டுக் கிடக்க, பையன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ராணி ஏதோ சொல்லத் தொடங்கினாள். மகள் டிவியைப் பார்த்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அம்மா" என்று உதடு ஒட்டிப் பிரிந்தது. அடுத்த சொல்லுக்குத் திறந்தது. அப்புறம் கோணிக்கொண்டது. நடுங்கியது. ஏதோ சொல்கிறாள், சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான் எழுந்து போய் அந்தக் கைகளைப் பிடித்து விலக்கினேன்.

"அழுவாமச் சொல்லு சாமி. அழுதா எனக்குக் கேக்க மாட்டேங்குது."