அதியாத்தின் எட்டுக் கேள்விகள்

கஃப்ர் அஸல் கிராமத்தில் அதியாத் தட்டாத கதவு கிடையாது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு உத்தியோகம். உத்தியோகம் என்றால் நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிட வேண்டாம். கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாய்க்கால் கரையோரம் வீடு வீடாகப் போய், அடுத்த பிள்ளை வேண்டுமா, வேண்டாமென்றால் அதற்கு என்ன வழி என்று பெண்களிடம் பேசுகிற வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்து வந்தாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நான்காம் வருஷம் புருஷன் தலாக் சொல்லிவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். தம்பி பயூமி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காளைக் கூட்டிப் போனவன்தான், அன்று முதல் அவன் வீடுதான் அவளுக்கு வீடு. பிள்ளை பெறாதவள் பிள்ளை வேண்டாமென்று சொல்ல வந்தால் ஊர் சும்மா இருக்குமா?

"தானும் பெறல, பெறுறவளையும் பெற விடமாட்டா" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். சிலர் முகத்துக்கு நேரேயும் பேசினார்கள்.

அதற்கு அதியாத் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று. "எனக்குப் பிள்ளை இல்லாததாலதான்டி உங்க பிள்ளைங்க பேரெல்லாம் எனக்கு வரிசையாத் தெரியுது. உங்க புருஷன்மாரைக் கேளுங்க, ஒருத்தனாவது தடுமாறாம சொல்லட்டும்." கேட்டவர்கள் சிரித்துவிட்டு டீ போட உள்ளே போவார்கள்.

அவள் அதிகமாகக் கொடுத்தது இரண்டு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை. நல்ல மாத்திரைதான், ஆனால் ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டியது என்பது அவள் கட்சி. ஆகவே ஒவ்வொருத்திக்கும் தனியாக எழுதிவைக்கும் கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எட்டுக் கேள்வி கேட்பாள். வயது என்ன? புகை உண்டா? இரத்த அழுத்தம் உண்டா? கண்ணில் மின்னல் வெட்டிவிட்டு வருகிற ஒற்றைத் தலைவலி உண்டா? காலிலோ நெஞ்சிலோ எப்போதாவது இரத்தம் கட்டியிருக்கிறதா? ஈரலில் கோளாறு? கைக்குழந்தை பால் குடிக்கிறதா? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய்? எட்டுக்கும் சரியான பதில் வந்தால்தான் மாத்திரை அட்டை பையிலிருந்து வெளியே வரும். முப்பத்தைந்தைத் தாண்டியவள் புகை பிடிக்கிறவளாக இருந்தால் மன்றாடினாலும் கொடுக்க மாட்டாள். "உனக்கு வேற மாத்திரை இருக்கு, கர்ப்பப்பையில வைக்கிற லூப் இருக்கு. இது மட்டும் வேண்டாம்" என்று முடித்துவிடுவாள்.

கொடுத்த பிறகும் விடமாட்டாள். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், சாயங்காலம் மஃரிப் பாங்கு கேட்டதும் போடு, மறந்தால் ஞாபகம் வந்த உடனே போடு, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மறந்துவிட்டால் ஏழு நாளைக்கு மாத்திரையை மட்டும் நம்பாதே, என்னைக் கூப்பிடு. இத்தனை சொல்லியும் ஒருத்தி, கெய்ரோவில் கொத்தனார் வேலை பார்க்கும் புருஷன் வியாழக்கிழமைதோறும் வருவான் என்பதால், வியாழக்கிழமை மட்டும் ஒன்று போட்டுக்கொண்டிருந்தாள். "அவர் இல்லாத நாளுக்கு எதுக்குக்கா வீணாக்கணும்?" என்று கேட்டாளாம். அந்தச் சிக்கனத்தின் பெயர் ஷாதி. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

அந்த மாதிரித் தப்புகளையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த அதியாத்துக்குத் தன்னுடைய தப்பு தெரியவந்தது தஹானி விஷயத்தில்.

தஹானி, சாபிரின் மனைவி. நான்கு பிள்ளைகள். சாபிரின் தாய் மக்காவுக்குப் போய் வந்தவள் என்பதால் ஊருக்கே அவள் ஹஜ்ஜும்மா. அந்த வீட்டில் பசு கன்று போடுவதென்றாலும் ஹஜ்ஜும்மாவின் அனுமதி வேண்டும் என்று சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான சுற்றில் அதியாத் போனபோது, ரொட்டி மாவுத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தஹானி முற்றத்தைக் கடந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"என்னடி காலுல?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பதில் சொன்னாள். "ஒண்ணுமில்ல. நேத்து முழுக்க அடுப்படியில நின்னா. எண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாயிடும்."

"நீவினீங்களா?"

"நேத்து ராத்திரி ஹபீபா நீவிவிட்டா" என்றாள் தஹானி. ஹபீபா அவளுடைய மூத்த மகள், பன்னிரண்டு வயது.

அதியாத் பையைக் கீழே போட்டாள். தஹானியை உட்காரவைத்து இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டச் சொன்னாள். இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. வலது கால் சாதாரணமாக இருந்தது. மூச்சு விடும்போது வலிக்கிறதா என்று கேட்டாள். காலையிலிருந்து கொஞ்சம் குத்துகிறது, வாயுவாக இருக்கும் என்றாள் தஹானி. 

"இனிமே அந்தக் காலை யாரும் தொடக்கூடாது. சாபிர் எங்க? ஆட்டோவைக் கூப்பிடுங்க."

"மாவு பிசைஞ்சு கிடக்குது!" என்றாள் ஹஜ்ஜும்மா.

"மாவு புளிச்சா கோழிக்குப் போடலாம், ஹஜ்ஜும்மா. இவளை என்ன செய்வீங்க?"

வட்டார ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தஹானி பல்லைக் கடித்தாள், அதியாத் ஓட்டுநரைத் திட்டினாள். அங்கே டாக்டர் நெஸ்ரீன் என்கிற இளம் பெண், படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காலில் இரத்தம் கட்டியிருக்கிறது, அதில் ஒரு துணுக்கு நுரையீரல் வரை போயிருக்கிறது என்றாள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் தன்னிடம் வந்திருக்கத் தேவையே இருந்திருக்காது என்றும் சொன்னாள். ஊசி ஏறியது. அடுத்த இரண்டு நாள் தஹானி பிழைப்பாளா மாட்டாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதியாத் கட்டில் காலடியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த மாத்திரை, நான் கொடுத்த மாத்திரை என்பதைத் தவிர அவள் மனதில் வேறு நினைப்பு ஓடவில்லை.

டாக்டர் மாத்திரையை முதல் நாளே நிறுத்தச் சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் மதியம் அதியாத்தின் கார்டை வாங்கிப் படித்தாள். "முப்பத்தெட்டு வயசு. பிரஷர் இல்ல. புகை இல்ல. எல்லாம் கேட்டுத்தான் கொடுத்திருக்கீங்க. லட்சத்துல சிலருக்கு இப்படி ஆகும். உங்க மேல தப்பில்ல, அக்கா."

அந்த வார்த்தையைக் கேட்டு அதியாத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

சற்று நேரத்தில் தஹானி எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் சூப் குடித்தாள். குடித்ததும் வீட்டுக் கவலை வந்துவிட்டது.

"மாமிக்கு யாரு ஹூக்கா பத்தவைக்கிறாங்களோ தெரியல. ஹபீபாதான் இழுத்துக்கிட்டிருப்பா, பாவம். அவளுக்கு இருமல் வேற."

அதியாத் கரண்டியைக் கீழே வைத்தாள். "இழுக்கிறதுன்னா?"

"கரி பிடிக்கணும்ல அக்கா? நல்லா கனன்று தண்ணி கொறகொறன்னு சத்தம் போடுற வரைக்கும் இழுத்துத்தானே மாமி கையில குடுக்கணும். ஈரக் கரின்னா பத்துப் பதினைஞ்சு தடவை இழுக்க வேண்டியிருக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தனை முறை?"

"அஞ்சு, ஆறு. விருந்தாளி வந்தா இன்னும் கூடும்."

"எத்தனை வருஷமா?"

"நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து. பதினேழு வருஷம்."

"அடிப் பாவி, புகை பிடிப்பியான்னு நான் கேட்டேனே!"

தஹானி நிஜமாகவே பதறிப்போனாள். "நான் எங்கக்கா பிடிக்கிறேன்? மாமிதானே பிடிக்கிறாங்க! நம்ம ஊர்ல இந்த வயசுல எந்தப் பொம்பளை பிடிப்பா? நான் பத்தவச்சுத்தானே குடுக்குறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் அதியாத்தைச் சுட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் கார்டு எழுதிய நாள் அப்படியே கண்முன் வந்தது. ஹஜ்ஜும்மா பாயில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் குந்தியிருந்த தஹானி குழாயில் வாயை வைத்துக் கன்னம் குழிய இழுத்து, மூக்கால் புகையை விட்டு, குழாயை மாமியாரிடம் நீட்டிவிட்டு, 'இல்லை' என்றாள். புகைக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அதியாத் 'இல்லை' என்று எழுதினாள். கண்ணிருந்தும் குருடி என்பார்களே, அது அவள்தான்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "வாய்க்குள்ள போனா புகைதான் அக்கா, யாருக்காக இழுத்தா என்ன?" என்றாள் டாக்டர். மாத்திரை, வயது, புகை, இதில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். தெரிந்திருந்தால் அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கவே கூடாது என்பது மட்டும் நிச்சயம் என்றாள்.

மாலையில் அதியாத் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் ஊருக்குள் சேதி பரவியிருந்தது. அதியாத்தின் மாத்திரை இரத்தத்தைப் பாலாடைக்கட்டி மாதிரி உறைய வைக்கிறதாம். பெண்கள் பாதி அட்டையோடு நிறுத்திவிட்டார்கள். தம்பி மனைவி வகீதா வெந்நீர் போட்டு, முலூகியாக் கீரையும் சோறும் எடுத்துவைத்தாள். நான்கு பிள்ளை பெற்று வளர்த்த பெண், வாய் பேசாமல் வேலை செய்கிறவள். அதியாத் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினாள்.

"இதை வெளியே சொல்லாதீங்க மதினி" என்றாள் வகீதா. "பழி இப்ப மாத்திரை மேல கிடக்கு. கிடந்துட்டுப் போகட்டும். நீங்க கண்ணால பார்த்தும் தப்பா எழுதினீங்கன்னு தெரிஞ்சா வேலை போயிடும். ஹஜ்ஜும்மா குடும்பமும் சும்மா விடாது."

"பாதியில நிறுத்தினவ அத்தனை பேருக்கும் வயித்துல பிள்ளை நிக்குமே, வகீதா. அதோட, தஹானி மாதிரி இன்னும் எத்தனை பேரு இருக்காளோ?"

வகீதா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்து முற்றத்தில் நாற்பது பெண்களுக்கு மேல் கூடிவிட்டார்கள். மேசைமேல் மாத்திரை அட்டைகளைத் திருப்பி எறிந்துகொண்டிருந்தார்கள். ஹஜ்ஜும்மா முன்னால் நின்று குரல் கொடுத்தாள்.

"என் மருமகளைக் கொல்லப் பார்த்தியே! பெத்திருந்தா தெரியும் உனக்கு உயிரோட அருமை!"

அதியாத் வழக்கமான பதிலை விட்டுவிட்டு நாற்காலியில் ஏறி நின்றாள். 

"தப்பு என்னோடது. மாத்திரை மேல பழி போடாதீங்க. புகைக்கிற பொம்பளைக்கு, அதுவும் முப்பத்தஞ்சு தாண்டினவளுக்கு, இதைக் குடுக்கக்கூடாது. தஹானி ஹூக்கா இழுத்துப் பத்தவச்சதை நான் என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு, புகை இல்லன்னு என் கையால எழுதினேன்."

"பத்தவைக்கிறது புகைக்கிறதாடி?" என்று சீறினாள் ஹஜ்ஜும்மா.

"நுரையீரலுக்கு அது தெரியாது ஹஜ்ஜும்மா. அது மாமியாருக்கா தனக்கான்னு பார்க்காது. இப்ப வீட்டுல யார் இழுக்கிறா? ஹபீபாவா?"

 பேத்தியின் பெயரைக் கேட்டதும் ஹஜ்ஜும்மா பக்கத்தில் கிடந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"யாரையும் வையறதுக்காகக் கேக்கல" என்றாள் அதியாத். "புருஷனுக்கோ மாமனுக்கோ மாமிக்கோ யாரெல்லாம் இழுத்துப் பத்தவச்சுக் குடுக்குறீங்க? கையைத் தூக்குங்க. அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், உங்களுக்குப் பொருத்தமான வேற வழி நான் இன்னிக்கே பார்த்துச் சொல்றேன்."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.  பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. கறுப்பு முக்காட்டுக்குள் இருந்த முகத்தை அதியாத் எட்டிப் பார்த்தாள். வகீதா.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றக் கைகள் எழுந்தன. ஒன்று, மூன்று, ஏழு, பதினொன்று. அதியாத் எண்ணவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் நடந்து வகீதாவின் முன்னால் போய் நின்றாள்.

"நீயுமா?"

"உங்க தம்பிக்கு விடிகாலையில ஒண்ணு, சாப்பிட்டு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நீங்க பார்க்காததா மதினி?"

"உன் கார்டுலயும் இல்லன்னுதானே போட்டிருக்கேன். நேத்து ராத்திரி சொல்லியிருக்கலாமே. அன்னைக்குக் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"எப்ப கேட்டீங்க?" வகீதாவின் குரலில் கோபம் இல்லை. "எட்டுக் கேள்வியும் ஊருக்குத்தான் கேட்டீங்க. எனக்கு நீங்களே எழுதிக்கிட்டீங்க. ஒரே வீடு, எல்லாம் தெரியும்னு."

அதியாத் கார்டுப் பெட்டியில் தேடி அந்தக் கார்டை எடுத்தாள். எட்டுப் பதிலும் ஒரே வீச்சில் எழுதியிருந்தது. கையெழுத்து அவளுடையது. அதைக் கிழித்துவிட்டுப் புதுக் கார்டு ஒன்றை எடுத்து, அத்தனை பேர் பார்க்க வகீதாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்ன வயசு, வகீதா?"

"நாப்பத்திரண்டு."

பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும், அவளுக்கு முப்பத்தாறு என்றே அதியாத் நினைத்துக்கொண்டிருந்தாள்.