ஆணித் துளைகள்

மதுரையின் பழைய பேராலயத்துக்குள் சாரம் கட்டிப் புதுப்பிக்கிறார்கள். மக்களைப் பார்த்தபடி புதுப் பலிபீடம் வந்துவிட்டது. தூண்களில் டிவி மாட்டத் துளை போடுகிறார்கள். ரயிலுக்கு நேரமிருப்பதால் ஜெபம் சொல்ல நுழைகிறேன்.

உயிர்த்த இயேசுவின் மரச்சிலை மேஜையில் மல்லாந்து கிடக்கிறது. குனிந்து பார்க்கிறேன். உள்ளங்கைகளில் ஆணித் துளைகளைக் காணோம். விலாக் காயமும் இல்லை. பட்டி பூசி வழவழவென்று அடைத்திருக்கிறது.

பக்கத்தில் வர்ணக்காரர் பிரஷ் கழுவுகிறார். விசாரித்தால் திருப்பரங்குன்றத்துக்காரர், இந்துக் கோயில் கோபுரச் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறவர்.

"இந்தத் துளையெல்லாம் எங்கேங்க?"

"அம்புட்டையும் அடைச்சுட்டேண்ணே. ஒடஞ்சு பின்னமான சாமியக் கும்பிடக் கூடாதுல்ல."

"அது பின்னமில்லைங்க. சிலுவையில் ஆணி அடித்த காயம்."

"சிலுவையில தொங்குனா விட்டிருப்பேன். இவருதான் எந்திரிச்சு வந்துட்டாரே, ஆறியிருக்கும்னு நெனச்சேன்."

"எந்திரிச்ச பிறகும் அந்தக் காயத்தைக் காட்டித்தான் சீடர்களை நம்ப வைத்தார்."

அவர் சிலையின் உள்ளங்கையை விரலால் அழுத்திப் பார்க்கிறார்.

"பட்டி இன்னும் காயல. இப்பவே நோண்டிரலாம். ஆனா எனக்குக் கை வராதுண்ணே." சின்ன உளி ஒன்றை என்னிடம் நீட்டுகிறார். "நீங்க குத்துங்க."

வாங்கி அந்த உள்ளங்கையின் நடுவில் வைக்கிறேன். இயேசுவின் கை விரிந்தே இருக்கிறது. என் கைதான் இறங்கவில்லை.