கரண்டி அலகுப் பறவை

அடுக்களையிலிருந்து தோசைக்கரண்டியை எடுத்து வந்து, அதைத் தன் மூக்குக்கு நேரே நீட்டிப் பிடித்து, அக்கா தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினாள். முந்தானையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில், அவளைத் தன் மகனுக்குப் பேசி முடிக்க வந்திருந்த சாணார்பட்டி அம்மா, காபித் தம்ளரைப் பிடித்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று அக்காவுக்குத் தெரியாது. துணி துவைக்கக் குடகனாற்றுக்குப் போனவள், பாதித் துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"கொக்கு மாதிரி வெள்ளை. ஆனா கொக்கு இல்ல. மூக்கு நுனி தட்டையா, அகலமா, இந்தக் கரண்டி கணக்கா இருக்கு. தண்ணிக்குள்ள விட்டு இப்படி இப்படி அலசுது. கருப்பு மூக்கு, நுனியில மட்டும் மஞ்சளு."

அய்யா சிரித்து மழுப்பினார். ஆத்தா அக்காவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். சாணார்பட்டி அம்மா போகும்போது, "புள்ள ஆத்தங்கரையில எதையோ பாத்து மிரண்டிருக்கு. ஒரு கோடாங்கிகிட்ட காட்டி மந்திரிங்க. பெறகு பேசுவோம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். அது எங்கள் ஊரான அகரம் முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. கத்தரிக்காய் பறிக்க வந்த பெண்கள் அக்காவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். முனி அடித்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். கல்யாணத்தில் இஷ்டமில்லாமல் நடிக்கிறாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

எனக்கும் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணம் முடியாமல் எனக்கு முடியாது. அதனால் வீட்டில் அந்தப் பறவையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அக்காவோ ஓரிடத்தில் உட்காரவில்லை. விடிந்ததும் ஆற்றுக்குப் போவாள், வெயில் ஏறியதும் திரும்புவாள், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு மறுபடி போவாள். மழைத் தண்ணீர் வடிந்து மணல்திட்டுகள் தெரியத் தொடங்கியிருந்தன. கொக்குகள் நின்றன, நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்தது. அவள் தேடியது மட்டும் வரவில்லை. அடுப்புச் சாம்பலை வாசலில் பரப்பி விரலால் அதை வரைந்து பார்ப்பாள். கால் சரியில்லை என்று அழிப்பாள். கழுத்து சரியில்லை என்று மறுபடி அழிப்பாள்.

ஆத்தா ஒருநாள் கெஞ்சியே விட்டாள். "கொக்குதான்னு ஒரு வார்த்தை சொல்லிப்புடுடீ. வெயில்ல கண்ணு கூசிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். அம்புட்டுத்தான், எல்லாம் முடிஞ்சிரும்."

"கொக்கு இல்லாததை எப்படித்தா கொக்குன்னு சொல்ல?"

"உனக்குப் பின்னாடி ஒருத்தி நிக்கிறாளேடீ!"

அக்கா என்னைப் பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவே இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவும் இல்லை.

கடைசியில் அய்யாதான் இறங்கி வந்தார். கோடாங்கியிடம் போவதற்கு முன்னால் படித்தவர் யாரிடமாவது கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார். எட்டாம் வகுப்பு வரை அக்கா படித்த திண்டுக்கல் பள்ளியின் சயன்ஸ் டீச்சரிடம் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் தெரிந்த குட்டை ஒவ்வொன்றையும் அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டீச்சரும் முதலில் நாரை என்றுதான் சொன்னார். அக்கா கேட்காமலே சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் வரைந்தாள். சாம்பலில் அத்தனை முறை வரைந்த கை, ஒரு கோடுகூடத் தயங்கவில்லை. டீச்சர் கரும்பலகைக்கு அருகே வந்து பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, அட்டை பிய்ந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. கருப்பு வெள்ளைப் படம். அதே கால், அதே கழுத்து, அதே கரண்டி.

"அலகு நுனி என்ன நிறம்னு சொன்னே?"

"மஞ்சளு, டீச்சர்."

படத்தில் நிறம் இல்லை. கீழே இருந்த எழுத்தை விரல் வைத்துப் படித்தார் டீச்சர். "கருப்பு அலகு, நுனியில் மஞ்சள்னுதான் போட்டிருக்கு. ஸ்பூன்பில். கரண்டி அலகுன்னு அர்த்தம்மா. நீ பாத்தது நிஜம்தான்."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "அதுக்கு ஸ்பூன்பில்லுன்னு பேரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

செய்தி சாணார்பட்டிக்கும் போயிற்று. புள்ளைக்குக் கோளாறு ஒன்றும் இல்லையென்றால் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். ஆத்தா சாமி விளக்கை ஏற்றினாள். எனக்கும் மூச்சு வந்தது. அக்கா மட்டும், "வேணாம்" என்றாள்.

"கண்ணால கண்டதைச் சொன்னதுக்கே கோடாங்கியைத் தேடச் சொன்னவுக. நாளைக்கு அந்த வீட்டுல எனக்கு ஒரு வலின்னா, வலிக்குதுன்னு சொன்னா நம்புவாகளா? ஒவ்வொண்ணுக்கும் புத்தகத்தைத் தூக்கிட்டா போக முடியும்?"

அய்யா அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. அந்தத் தையில், ஊர் வழக்கத்துக்கு மாறாக, இளையவளான எனக்குத்தான் முதலில் கல்யாணம் நடந்தது. பந்தியில் அக்கா இலைக்கு இலை ஓடிப் பரிமாறினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்தே இருந்தேன்.

மறுவருஷம் பழனிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தார். நானும் போயிருந்தேன். காபி கொடுத்த கையோடு, யாரும் தடுப்பதற்குள், அக்கா அந்தப் பறவைக் கதையைத் தானே சொல்லிவிட்டாள். ஆத்தா கதவுக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, அது ஒண்டியாத்தான் வந்துதுங்களா? சோடி எதுவும் பக்கத்துல இல்லீங்களா?"

அதுவரை அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அக்கா அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"தெரியலையே. நான் ஒண்ணைத்தான் பாத்தேன்" என்றாள். பிறகு, "மறுபடி போய்ப் பாக்கணும்" என்றாள்.

கல்யாணமான பிறகு அவர்கள் இருவரும் போய்ப் பார்த்தார்கள். ஒரு கார்த்திகையில் ஆறு பறவைகள் ஒன்றாக நின்று ஆற்றை அலசியதாக வந்து சொன்னார்கள். நான் இன்றுவரை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. இப்போது பேத்தி செல்போனில் நிறத்தோடு படம் காட்டுகிறாள், கரண்டிவாயன் என்று தமிழ்ப் பெயரும் சொல்கிறாள். பார்க்கிறேன், போதவில்லை. மழை விட்ட மறுநாள் இந்த வயதிலும் கால் வீட்டில் நிற்க மாட்டேன் என்கிறது, ஆற்றைப் பார்த்து நடக்கிறது.