ஒண்ணுமில்லன்னு சொல்ல ஒரு போன்

எங்கள் தொழிலில் போன் அடிக்கவில்லை என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம். அடித்தால் எங்கேயோ ஒரு சர்வர் படுத்துவிட்டது. அடுத்தவர் கம்ப்யூட்டரை எழுப்புவதற்காகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பழகிய சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2009, 2010 வாக்கில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் நானும் யூசுப்பும் இந்த வேலையைப் பார்த்தோம். கீழே பேக்கரி, மேலே நாங்கள். பட்டர் பிஸ்கட் வேகும் வாசனையிலேயே காலை வேலை ஆரம்பிக்கும். இப்போது நான் இருக்கும் ஆபீசில் ஏசி உண்டு, லிஃப்ட் உண்டு, அந்த வாசனை மட்டும் இல்லை. அதற்காக நான் ஏங்குகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில்

ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் பார்க்கப் போயிருந்தோம். கேசரி வந்த கையோடு பெண்ணின் அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டார். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆர்வக்கோளாறில் ஹைப்பர்வைசர் என்று வாயைவிட்டேன்.

பிறகு விளக்காமல் இருக்க முடியுமா? ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் நாலு கம்ப்யூட்டர் குடியிருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், நாலும் தனித்தனி வீடு, ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது, யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுக்கும் ஹவுஸ் ஓனர்தான் ஹைப்பர்வைசர் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேசரித் தட்டைக் கீழே வைத்தார். பெண்ணைக் கொடுத்தும் விட்டார். ஆனால் அன்று கேட்டதை இன்னும் விடவில்லை, தீபாவளிக்குத் தீபாவளி கேட்கிறார்: "மாப்ள, நீங்க ரிப்பேர் பண்றது உள்ள இருக்குற கம்ப்யூட்டரா, வெளிய இருக்குற கம்ப்யூட்டரா?"

நாங்கள் போனால் சரியாகும் வியாதி

சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களுக்காக அவர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். கடல் சீற்றம் இருக்கும் என்று தெரிந்தால், முதல் நாள் சாயங்காலமே மீனவர் வீடுகளுக்கு வரிசையாகப் போன் போகும். எடுத்தால் அமலா அக்காவின் குரல், நாளைக்குக் கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லும். அமலா அக்காதான் அங்கே ஆபரேட்டர். சும்மா சும்மா தொந்தரவு வேண்டாம், ஆபத்து என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்று ஊர்க் கூட்டத்தில் மீனவர்களே சொல்லியிருந்தார்கள்.

அங்கே இருந்ததும் ஒரே பெரிய கம்ப்யூட்டர், உள்ளே நாலு. மூன்றில் பிள்ளைகள் டைப்பிங் படித்தார்கள். நாலாவது போனுக்கு. போன் லைனைச் செருகுகிற கார்டை அந்த நாலாவதற்கு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தோம். அந்த நாலாவதுதான் திடீர் திடீரென்று நினைவகப் பிழை என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகும். நாங்கள் பஸ் பிடித்துப் போவோம், முழு மெஷினையும் அணைத்துப் போடுவோம், ஜம்மென்று ஓடும். கீழவீதியில் காபி குடித்துவிட்டு வெற்றிவீரர்களாகத் திரும்புவோம். எதற்கும் நீங்களும் அவ்வப்போது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்று அக்காவுக்கு உபதேசம் வேறு. ஒருநாள் அக்கா சலித்துக்கொண்டார்: "நீங்க இருக்குற வரைக்கும் நல்லாத்தான் இருக்குது சார், நீங்க பஸ் ஏறுனதும் படுத்துக்குது."

தேவனாம்பட்டினத்தில்

ஒரு சாயங்காலம் அலை எச்சரிக்கை வந்தது. அமலா அக்கா குரலைப் பதிந்து, பட்டனைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். முதல் போன் போகும் முன்பே நாலாவது கம்ப்யூட்டர் விழுந்துவிட்டது. ஒரு வீட்டிலும் மணி அடிக்கவில்லை. விடிந்ததும் தேவனாம்பட்டினத்திலிருந்து படகுகள் போயின.

எல்லோரும் கரை திரும்பினார்கள். தேசிங்கு மாமாவின் படகு மட்டும் கரைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து, அவருக்குக் கை முறிந்தது. யூசுப்பும் நானும் பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வள்ளி அக்கா எங்களுக்கு டீ கொடுத்தார். திட்டுவார்கள் என்று நினைத்துப் போனவர்களுக்கு டீ கிடைத்தால் அது திட்டைவிடக் கசக்கும். அடுத்த எச்சரிக்கைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் இன்னொரு படகு இப்படித்தான் போகும், அதில் எல்லோரும் திரும்புவார்கள் என்று யார் சொல்வது? தேசிங்கு மாமா எங்கள்மேல் குறை சொல்லவே இல்லை. சொன்னது இவ்வளவுதான்: "போன் வரல தம்பி. ஒண்ணுமில்லன்னாதான வராது?"

கையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள்

மறுநாள் சிதம்பரம் போய் எதையும் தொடாமல் உட்கார்ந்தோம். எங்கள் தொழிலில் இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. காலை முழுக்க நாலும் ஒழுங்காக ஓடின. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த அமலா அக்கா, நாலாவதை மட்டும் அணைத்துப் போட்டார். நாங்கள் சொன்னதைத்தான் தினமும் செய்துவந்திருக்கிறார். ஆனால் பிள்ளைகள் டைப் அடித்தது அழிந்துவிடுமே என்று மற்ற மூன்றையும் தொடுவதில்லை. நாங்களோ ஒருநாளும் ஒன்றை மட்டும் அணைத்ததில்லை, அடித்தால் மொத்தமாகத்தான் அடிப்போம். கொஞ்ச நேரத்தில் நாலாவது எங்கள் கண்முன்னேயே விழுந்தது.

விஷயம் இதுதான். நாலாவது கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் போன் கார்டுக்குத் தன் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கும். அது எப்போதும் பழைய இடமாகவே இருக்கும் என்று கட்டாயமில்லை. இடம் மாறினால், ஹைப்பர்வைசர் புதிய இடத்தைக் குறித்துக்கொள்ளும், பழையதை அழிக்காது. காலியான அந்த இடத்தில் வேறு வேலை ஏதாவது குடிவந்தால், ஹைப்பர்வைசர் அதையும் கார்டு என்று நினைத்துக் கையை வைக்கும். அத்தோடு கதை முடிந்தது. முழு மெஷினையும் அணைத்தால் எல்லாக் குறிப்பும் அழிந்துவிடும் என்பதால் நாங்கள் போனபோதெல்லாம் சரியாகிவிட்டது. யூசுப் பரங்கிப்பேட்டைக்காரன், அதிகம் பேசமாட்டான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "காலி பண்ணவன் பேரு இன்னும் வாசல்லயே தொங்குது மச்சான்."

ரெண்டு வரி

புதிய இடத்தைக் குறிக்கும் முன் பழையதை அழி. திருத்தம் அவ்வளவுதான். அதை எங்கே எழுதுவது என்று கண்டுபிடிக்கத்தான் பல நாள் ஆனது. தினமும் கரண்ட் கட் வேறு. யாரோ காடாம்புலியூரிலிருந்து கொண்டுவந்த பலாப்பழத்தை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பிசுபிசுத்த விரலோடு கீபோர்டைத் தட்டினோம். அந்த ஹைப்பர்வைசரை உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்பதால் திருத்தத்தை அவர்களுக்கும் அனுப்பினோம். சேர்த்துக்கொண்டோம், நன்றி என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு நாலாவதை மட்டும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தோம். அமலா அக்காவும் தன் பங்குக்கு அணைத்துப் பார்த்தார். விழவே இல்லை. முதலாளியை அழைத்துப் பெருமையாகத் திரையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த ரெண்டு வரிக்கா ரெண்டு பேரு?"

தினமும் ஒரு போன்

கோளாறு போய்விட்டது. ஆனால் தேசிங்கு மாமா சொன்னது எனக்குள்ளேயே கிடந்தது. இன்னொரு நாள் லைன் அறுந்தால்? கரண்ட் போனால்? மறுபடியும் மௌனத்தை நல்ல சேதி என்று நம்பி ஒருவர் படகைத் தள்ளுவார். அதனால் ஊரில் பேசி, தினமும் போன் போகட்டும், போன் வராத நாளில் யாரும் கடலுக்குப் போகவேண்டாம் என்று ஏற்பாட்டையே மாற்றினோம். நாளை கடல் அமைதியாக இருக்கும் என்று அமலா அக்கா புதிதாக ஒரு பதிவு பேசினார். பேசி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கொஞ்ச நாள் கழித்துத் தேவனாம்பட்டினம் போனேன். தேசிங்கு மாமா கை கூடி, மறுபடி கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வள்ளி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சமைக்கிற நேரத்தில் போன் வருகிறதாம், அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து எடுக்க வேண்டியிருக்கிறதாம், எடுத்தால் தினமும் அதே பேச்சாம். வேண்டுமானால் உங்கள் வீட்டுக்கு மட்டும் நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒண்ணுமில்லன்னு சொல்ல ஒரு போனான்னுதான் கேட்டேன். நிறுத்திப்புடாத தம்பி, அது வந்தாத்தான் எனக்கு ராவுல தூக்கம் வருது."

எனக்கும்கூட யாராவது போன் செய்து எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று சொன்னால்தான் இப்போதெல்லாம் நிம்மதி, ஆனால் நம் தொழிலில் நன்றாக ஓடும்போது எவர் போன் செய்கிறார்?