பிரேம் கடைக்குப் போன சீமாட்டி

சென்ற வாரம் என் உடம்பு மட்டும்தான் கானாடுகாத்தானில் இருந்தது. உயிர் காரைக்குடியில், செக்காலைத் தெருவில், ஒரு பிரேம் கடையில் இருந்தது.

மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அழைப்பு வைக்க நெற்குப்பைக்குப் போனவன், உறவுக்காரர்கள் விடாததால் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பீரோவைத் திறந்து என் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்று குறைகிறது! எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சீமாட்டியைக் காணோம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சீமையில் ஜார்ஜ் என்ற பெயரில் நாலு ராஜாக்கள் வரிசையாக ஆண்டார்கள் அல்லவா? அந்தக் காலத்துக் கேலிச் சித்திரங்களைச் சேர்க்கிறேன். ரங்கூனில் கடை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் வீட்டு ஏலத்தில் பிடித்த வியாதி. அச்சடித்த படங்கள் எனக்கு வேண்டாம். அவை எத்தனையோ இருக்கும். ஓவியன் தன் கையால் பேனாவில் கோடு இழுத்து, மேலே வாட்டர் கலர் தீட்டிய மூலப் படம்தான் வேண்டும். அது உலகத்தில் ஒன்றுதான். போனால் போனதுதான்.

அப்படி ஒன்றுதான் சீமாட்டி. நடன விருந்துக்குப் புறப்படுகிறாள். தலைமுடியை மாடி மாடியாக எழுப்பியிருக்கிறாள். உச்சியில் இறகு செருக, வேலைக்காரி ஏணி போட்டு ஏறி நிற்கிறாள். அம்மாளின் முகத்தில் மட்டும் துளிச் சிரிப்பில்லை. அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"வள்ளியம்மை! ஏணிக்காரி படம் எங்கே?" என்று கத்தினேன்.

என் மனைவி பதறவில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் பெருமையாகவே வந்து நின்றாள்.

"காரைக்குடிக்குக் குடுத்துவிட்டிருக்கேன். கல்யாணச் சாமான் எடுக்க நம்ம காரு மதுரைக்குப் போச்சுல்ல, போற வழியில பிரேம் கடையில இறக்கிட்டுப் போகச் சொன்னேன். பூச்சி அரிச்சுரும், பூச்சி அரிச்சுரும்னு நீங்கதானே பொலம்பிக்கிட்டு இருந்தீக?"

"பிரேம் மட்டும்தானே போடச் சொன்னாய்?"

"அதென்ன பிரேம் மட்டும்? நம்ம வீட்டுப் படத்துக்கெல்லாம் செய்வாகள்ல, அதைத்தான் செய்யச் சொல்லிவிட்டிருக்கேன்."

கழற்றாத சட்டையோடு வாசலுக்கு ஓடினேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த இடம் புரியாது. எங்கள் பக்கத்தில் லட்சுமி படம் வாங்கினால், வாங்கியபடியே சுவரில் மாட்டமாட்டோம். பிரேம் கடைக்காரர் நிஜப் பட்டுத்துணியை வெட்டி லட்சுமிக்குப் புடவை ஒட்டுவார். ஜரிகையில் கரை வைப்பார். ஜிகினாவில் ஒட்டியாணம், பாசிமணியில் மாலை. அதற்குமேல்தான் கண்ணாடி. பார்க்க அழகாகத்தான் இருக்கும்... லட்சுமிக்கு!

என் சீமாட்டிக்கு? நூற்றுச் சொச்சம் வருஷத்துக் காகிதம். ஈரக்கை பட்டாலே நிறம் கிளம்பிவிடும். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையைத் தடவி, ஆரஞ்சுப் பட்டுத்துணியை ஒட்டினால்? ஒட்டியதை உரித்தால் சீமாட்டியும் சேர்ந்து உரிந்து வந்துவிடுவாளே!

கார் இன்னும் மதுரையிலிருந்து வரவில்லை. தந்தி அடிக்கலாமா என்று யோசித்தேன். என்னவென்று அடிப்பது? 'சீமாட்டிக்குப் புடவை கட்டாதே' என்றா? தபாலாபீஸில் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள்.

ஓடிப்போய் மோட்டார் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் நிறைந்தால்தான் கிளம்புவேன் என்றது. நிறைந்த பிறகு டிரைவர் வெற்றிலை போட்டார். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் இஞ்சின் புகைந்து, தண்ணீர் ஊற்ற நின்றார்கள். இதற்குள் பசை காய்ச்சியிருப்பார்... இதற்குள் பட்டுத்துணியை வெட்டியிருப்பார்... இதற்குள் முந்தானை போட்டிருப்பார்! என் மனம் அந்தக் கடையை விட்டு நகரவே இல்லை.

பக்கத்தில் இருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பருத்தி வியாபாரி போலிருந்தது.

"என்னங்க, முகமெல்லாம் இப்பிடி வேர்க்குது? யாருக்கும் முடியலையா?"

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "ஆமாங்க. ஒரு அம்மாவுக்கு" என்றேன்.

"அடடா. என்ன வயசு இருக்கும்?"

"நூற்று முப்பது, நூற்று நாற்பது இருக்கும்."

பெரியவர் என் தோளைத் தட்டினார். பிறகு ஆறுதலாக, "அப்பிடின்னா கல்யாணச் சாவு. நல்லபடியா மேளம் வச்சு எடுங்க. இதுக்குப் போயி பதறுறீகளே!" என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொண்டார்.

காரைக்குடியில் இறங்கி, வெயிலில் அரை ஓட்டமாகப் போய்ச் சேர்ந்தேன். கடையில் பாதிப் பலகை சாத்தியிருந்தது. உள்ளே கடைக்காரர் மாணிக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். சோற்றுக்கையோடு நின்றவரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, நீங்களே வந்துட்டீகளா? கோவிச்சுக்காதீக. ஆச்சி சொல்லிவிட்டபடி என்னால செய்ய முடியல."

"என்னது?" ஆச்சி என்றது என் மனைவியைத்தான்.

"ஒட்டலாம்னு ஓரத்துல ஒரு சொட்டுப் பசை வச்சேன். செவப்பு அப்பிடியே விரலோட வந்துருச்சு. பயந்துபோயி நிறுத்திட்டேன். வெறும் கண்ணாடிதான் போட்டிருக்கேன். கல்யாண வீட்டுச் சாமான், சொன்னதைச் செய்யலேன்னு ஆச்சி வைவாகளேன்னு நேத்துலேருந்து எனக்குச் சோறு இறங்கல."

பாருங்கள் வேடிக்கையை! அவர் ஒட்டிவிடுவாரோ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். ஒட்டாமல் விட்டதற்கு அவர் செத்துக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிக்கொண்டேன். ரசமும் சோறுமாக இருந்த கை என் ஜிப்பாவில் பட்டது. பட்டுவிட்டுப் போகட்டும். படத்தில் படவில்லையே!

கவுனின் கீழ்க்கரையில் கட்டைவிரல் அளவுக்கு நிறம் போயிருந்தது. அதைப் பார்த்ததும் மனசு வலித்தது. ஆனால் முகம் தப்பியது, ஏணி தப்பியது, இறகுகூடத் தப்பியது.

படத்தைக் கட்டிக்கொண்டே மாணிக்கம் சொன்னார்: "வேற ஒண்ணும் ஒட்டாட்டியும், கழுத்துல ஒரு தாலியாவது வச்சே ஆகணும்னு ஆச்சி சொல்லிவிட்டாக. அதைத்தான் எப்பிடிச் சமாளிக்கிறதுன்னு..."

தாலியா? பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் மண்டையைக் குடைந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். வள்ளியம்மை மறைக்கவில்லை.

"பிரேம் போட்டு வந்தா முகப்புலதான் மாட்டுவேன்னு சொன்னீகள்ல? சம்பந்தி வீட்டாக உள்ள நுழைஞ்சதும் முதல்ல பார்க்கப்போறது அதைத்தான். கல்யாண வீட்டுல வெறுங்கழுத்தோட ஒரு பொம்பள நிக்கலாமா?"

"அவள் வெள்ளைக்காரி. அவர்களுக்குத் தாலியே கிடையாது."

"அவ ஊருல கிடையாதுன்னா அவ ஊருலயே நின்னிருக்கணும். இங்க எம் மகளுக்குக் கல்யாணம்."

சொல்லிவிட்டுச் சுவரிலிருந்த லட்சுமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. பத்து நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. பந்தலில் ஒரு விளக்கு அணைந்தால் பயம், பால் திரிந்தால் பயம், பூனை குறுக்கே போனால் பயம். நான் ஒரு காகிதத்துக்காகப் பஸ்ஸில் வேர்த்து வழிந்தேன். அவள் பெற்ற பெண்ணுக்காக நடுங்கிக்கொண்டிருக்கிறாள். இதில் யார் பைத்தியம் என்று கேட்டால், நான் வாயைத் திறக்க முடியுமா?

படத்தை முகப்பில் மாட்டாமல் பீரோவிலேயே வைத்துவிடுகிறேன் என்றேன். மனசில்லாமல்தான் சொன்னேன். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. படத்தை வாங்கிக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கண்ணாடிக்கு மேல ஒட்டினா படத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

மஞ்சள் நூலைச் சீமாட்டியின் கழுத்து அளவுக்கு வெட்டினாள். ஜரிகைத் துணுக்கில் பொட்டளவுக்கு ஒரு தாலி செய்தாள். கண்ணாடியின் மேல், சரியாகக் கழுத்துக்கு நேரே ஒட்டினாள். பசை காயும்வரை நான்தான் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை ஆடாமல் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

இப்போது முகப்பில் தொங்குகிறாள். நேற்று வந்த சம்பந்தியம்மாள் நின்று பார்த்துவிட்டு, "லட்சணமா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். வள்ளியம்மை நேற்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

ஊர் சிரிக்கட்டும் என்றுதான் அந்த ஓவியன் அவளை வரைந்தான். நாங்கள் அவளுக்குக் கல்யாணமே செய்து வைத்துவிட்டோம்... மாப்பிள்ளை யார் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை!