அத்தான் அடைத்த ஓட்டை

என் அக்காவின் கணவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அந்த மரியாதைக்கு மேல் அவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அரசாங்க ஆபீஸில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத பொருள் கிடையாது. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் என்பது மட்டும் ஏனோ அவருக்கு ஞாபகமே இருக்காது.

ஒருநாள் பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். குனிந்து பார்த்தவர், "ஏட்டி, வண்டிக்கு அடியில ஒழுகுதே, கவனிக்க மாட்டியா?" என்றார்.

"அது ஏசித் தண்ணி அத்தான். ஒழுகத்தான் செய்யும்."

"ஒழுகுற ஏசி என்னத்துக்கு ஆகும்?"

சொல்லிப் பார்த்தேன். ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. வண்டிக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். என்ஜின் வேகத்தில் ஓடும் கம்ப்ரஸர் வாயுவை அழுத்துகிறது. அது முன்பக்கத்து வலைக் குழாயில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்குள் திடீரென விரிந்து ஜில்லென்று ஆகிறது. உள்காற்று அந்தக் குழாய்மேல் படும்போது அதிலிருக்கும் ஈரம், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வேர்ப்பதுபோல முத்து முத்தாகத் திரண்டு, சின்ன ரப்பர் குழாய் வழியாக ரோட்டில் சொட்டுகிறது.

முழுக்கக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். "இதெல்லாம் பிள்ளைகளுக்கு நடத்துத பாடம். ஒழுகலுன்னா ஒழுகல்தான்."

வெளியூர் போகவேண்டியிருந்ததால் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்ததும் மூன்று பேரும் திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். அக்காவுக்குத் தலைசுற்றும் என்பதால் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆழ்வார்திருநகரி தாண்டியதும் காலைத் தூக்கிக்கொண்டாள். "ஏட்டி, கீழ ஒரே தண்ணியா நிக்கி. சேலை நனைஞ்சிட்டு."

ஓரம் கட்டினேன். மிதியடி மிதந்தது. பின் சீட்டில் அத்தான் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அடியில ஒரு ஓட்டை இருந்துச்சு. தண்ணிக் குழாய்க்கு வைக்கிற பசையை வச்சு நான்தான் அடைச்சேன். இப்பச் சொட்டு கூட ஒழுகலை, பாத்தியா?"

துண்டை ரோட்டில் விரித்துப் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பசையைக் குத்திப் பெயர்த்தேன். ஏசிக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் மொத்தமும் என் தோளில் கொட்டியது. எழுந்ததும் அவர் சொன்னார்: "உள்ள எவ்வளவு தண்ணி நின்னுருக்கு! ரிப்பேருன்னு அன்னைக்கே சொன்னேன்லா?"

சேலைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்த அக்காதான் நிமிர்ந்தாள். "பேசாம முன்னால வந்து உக்காருங்க. அந்த ஈரத்துல கொஞ்சம் நீங்களும் காலை வையுங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏசியில் கேஸ் குறைந்தால்தான் தண்ணீர் கூடும் என்று கோயில் வாசல்வரை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். இப்போதெல்லாம் அக்கா வீட்டுக்கு பஸ்ஸில்தான் போகிறேன்.