சிந்தாமல் பியர் அடைத்த மூன்று வருடம்

1. முதல் நாள்

லா சப்பலில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நாற்பது போத்தல் பியரில் பாதியைத் தரையில் விட்டேன். எண்பத்து நாலாம் ஆண்டு. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்னக் கஃபே. அதன் பிரெஞ்சு முதலாளி, கஃபேக்குக் கீழே காவ் என்கிற நிலவறையில் தானே பியர் காய்ச்சினார். அதற்கு அனுமதி கிடையாது. மேலே தன் கைப்பக்குவம் என்று சொல்லி வாடிக்கையாளருக்கு ஊற்றிக் கொடுப்பார். காய்ச்சுவது அவர், போத்தலில் அடைப்பது நான்.

அன்று முழங்கால்வரை நனைந்து நின்றேன். புளித்த மணம் படியேறி வாசல்வரை போய்விட்டது. அங்கே குடியிருந்த கட்டடக் காவல்காரி, ஒரு போர்த்துக்கல் பெண், மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துத் திட்டினாள். தண்ணீர்க் குழாய், அது இது என்று முதலாளி ஏதோ சொல்லி அவளை அனுப்பிவைத்தார். பிறகு என்னிடம், இனி ஒரு சொட்டுச் சிந்தினாலும் வரவேண்டாம் என்றார்.

2. தொழில்

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் துரை அண்ணை. எனக்கு முன்னால் வந்த யாழ்ப்பாணத்தார். எங்கள் அறையில் இருந்த ஏழு பேருக்கும் அவர் சொல்தான் சட்டம். நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"இஞ்சை நாங்கள் இருக்கிறதே ஆருக்கும் தெரியப்படாது, ஞானம். சத்தம், மணம், குப்பை ஒண்டும் வெளியிலை போகப்படாது. அப்பதான் எங்களை வைச்சிருப்பாங்கள்."

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

இப்போது செவ்ரானில் என் மருமகன் பொழுதுபோக்குக்காகக் குசினியில் பியர் காய்ச்சிச் சுவரெல்லாம் பூசிவைக்கிறான். அவனைப் போன்றவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். போத்தலுக்குப் போத்தல் கரண்டியால் சீனி போடாதீர்கள், பொங்கும். சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து வாளியில் விட்டு, அதன்மேல் பியரை மெதுவாக இறக்குங்கள். பியரை இறக்கும் ரியூப்பை, அந்த ரப்பர் குழாயை, வாயால் உறிஞ்ச வேண்டாம். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியைப் பியருக்குள் விட்டு, மற்ற நுனியைப் பொத்திப் பிடித்துக் கீழே இறக்கித் திறந்தால் பியர் தானாக வரும். போத்தலின் அடியில் முட்டினால் திறந்து, தூக்கினால் மூடும் வால்வு ஒன்றை முனையில் மாட்டுங்கள். வாய்வரை நிரப்பி ரியூப்பை எடுத்தால், மட்டம் ஒரு பெருவிரல் அளவு இறங்கி நிற்கும். அது காற்றுக்கு விடவேண்டிய இடம். அடியில் கிடக்கும் மண்டியைத் தொடாதீர்கள். போத்தல்களை விளிம்புள்ள தட்டில் வைத்து நிரப்பினால், சிந்துவது தட்டோடு போகும்.

இதில் வால்வு மட்டும் முதலாளி கொண்டுவந்தது. மற்றதெல்லாம் நான் பட்டு அறிந்தது. மூன்று மாதத்தில் தரை நனையாமல் நூறு போத்தல் அடைத்தேன். கஃபே திறக்குமுன் கவுண்டருக்குப் பின்னாலுள்ள பலகைக் கதவால் இறங்கி, அதே வழியால் ஏறிப் போவேன். போகுமுன் வாளியையும் ரியூப்பையும் கழுவி அலுமாரியில் பூட்டுவேன். தரையைத் துடைத்த துணியையும் கையோடு கொண்டுபோவேன். எந்தப் போத்தல் எந்த நாளுடையது என்று மூடியில் பென்சிலால் தமிழில் குறித்துவந்தேன். கிறுக்கல் அசிங்கமாக இருக்கிறது என்றார் முதலாளி. அதையும் அழித்துவிட்டேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு மூன்று வருடம் போட்டது.

3. கடிதம்

எண்பத்தேழில் என் அகதி விண்ணப்பம் தள்ளுபடியானது. மனைவி தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இருந்தாள், நான் புறப்பட்ட பிறகு பிறந்த மகளோடு. எனக்கு வதிவிட அனுமதிக் கார்ட் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். ஒரே இடத்தில் மூன்று வருடம் வேலை செய்ததற்குக் கடிதம் இருந்தால் மனுவுக்குப் பலம் என்றார் சவரிநாதர். அவர் பாண்டிச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற பிரெஞ்சு அரசு ஊழியர், எங்களுக்கு மனு எழுதித் தருபவர். முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கடிதம். வேலை தந்த மனிதரிடம் கடிதம் கேட்டால் அவரை நம்பாததுபோல் ஆகுமே என்று இருந்துவிட்டேன். மடத்தனம்.

கடிதம் தந்தால் நிலவறைப் பியர் வெளியே வந்துவிடும். அதனால் என்னைத் தெரியாது என்று சவரிநாதரின் முகத்துக்கு நேரே சொன்னார் முதலாளி. கீழே யாரும் வேலை செய்வதில்லை, வேண்டுமானால் பாருங்கள் என்று பலகைக் கதவையும் திறந்துவிட்டார். இறங்கிப் பார்த்தோம். பியரும் சாமானும் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தன. சிமெந்துத் தரை காய்ந்து, மணமே இல்லாமல் கிடந்தது. அன்று காலை நான் துடைத்த தரை.

இனிச் சாட்சி என்று மிச்சம் இருந்தது காவல்காரி மட்டும். நல்ல மனுசி, உதவத்தான் நினைத்தாள். அவள் சொல்லச் சொல்லச் சவரிநாதர் எழுதினார். இரண்டு வரியில் பேனாவை மூடிவிட்டார்.

"தம்பி, இந்தம்மா பொய் சொல்ல மாட்டேங்குது. உன்ன ஒரே ஒரு நாள் பாத்துச்சாம், தரையெல்லாம் கொட்டிவச்ச அன்னிக்கு. அதோட உன்ன வெரட்டிட்டாங்கன்னு நெனச்சுதாம்."

"மூண்டு வருசமும் இஞ்சைதான் நிண்டனான் எண்டு சொல்லுங்கோ ஐயா."

"சொன்னேன். அப்படின்னா ஒரு வாசனையாவது வந்திருக்குமேங்குது."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதலாளிமேல் வந்தது, துரை அண்ணைமேல் வந்தது. எல்லாரையும்விட, துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்த என்மேல்தான் அதிகம் வந்தது. அது இன்றும் ஆறவில்லை.

கார்ட் கிடைக்க மேலும் ஐந்து வருடம் ஆனது. மகளை நான் முதன்முதல் கண்டபோது அவளுக்கு எட்டு வயது.

மேலே சொன்ன முறைகள் எல்லாம் சரியானவை. உங்கள் வீட்டுக்கு அடைப்பதென்றால் அப்படியே செய்யுங்கள். இன்னொருவனுக்கு அடைப்பதென்றால், வாரத்தில் ஒரு போத்தலையாவது தரையில் விடுங்கள். மேலே இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, உங்கள் முகத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போகட்டும்.